கல்லில் கறுப்பாய் என் பெயர்

யாஷி கிராமம்
டிசம்பர் 22

என் வாத்தே,

நலமாக இருக்கிறீர்களா? அங்கே குளிர் எப்படி? நான் நலம். முழங்கால் மட்டும் பழையபடி. இவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். பெரியவர்கள் வகுப்பில் படித்த எழுத்தும் சந்தைப் பலகைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்தும்தான் எனக்குத் தெரியும். தெரியாத இடத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். வட்டங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே உங்களுக்கு வேறு என்ன வேலை.

ஜூனில் நீங்கள் போனதிலிருந்து நகரத்துச் சாம்பல் மண்டபத்தில் யார் யாரோடோ இருந்தீர்கள். இன்று மலைக்குக் கொண்டுவந்து கல்லறைக்குள் வைத்தோம். உள்ளே இரண்டு குழி. இடது பக்கம் உங்களுக்கு. வலது பக்கம் காலி, எனக்கு. கட்டிலில் எப்போதும் குறுக்கே படுக்கிற மனுஷன் இங்கே எப்படி ஒரு பக்கமாகப் படுப்பார் என்று நினைத்தேன். அப்போதே பாதிச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கல்லின் மேலிருந்த துணியை எடுத்தார்கள். உங்கள் பெயர், பக்கத்தில் என் பெயர். எல்லாம் அழகாகச் செதுக்கியிருந்தது. ஆனால் இரண்டுமே கறுப்பு.

போனவர் பெயர் கறுப்பு, இருப்பவள் பெயர் சிவப்பு. ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உங்கள் அண்ணன் குரலில் மலையே அதிர்ந்தது. "உசுரோட நிக்கிறவளைக் கல்லுல கொன்னுட்டீங்களேடா!" கல்தச்சர் லூ கையைப் பிசைந்தார். "பையன் போன்ல சொன்னபடிதான் அடிச்சேன், பெரியவரே. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

எல்லாரும் நம் பையனைப் பார்த்தார்கள். மிங்யுவான் முகம் சாம்பலாகிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன். மீதிச் சிரிப்பும் வந்துவிட்டது. அது அழுகைதான், வழி தெரியாமல் வேறு வாசலில் வந்துவிட்டது. ஆனால் அவன் அதைச் சிரிப்பு என்றே நினைத்தான்.

சாயங்கால ரயிலுக்கே போய்விட்டான். கடையில் அவனுக்காக எடுத்துவைத்த காரமான வாத்துத் தலைகள் அப்படியே இருக்கின்றன. இந்தக் கடிதத்தை இப்போது காகிதப் பணத்தோடு சேர்த்துக் கொளுத்துகிறேன். மேலே வந்து சேர்ந்ததும் காற்றில் ஒரு தட்டுத் தட்டுங்கள்.

உங்கள் லியன்மெய்


தாலியன்
ஜனவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா? முழங்காலுக்கு மருந்துப்பட்டை போடுகிறீர்களா? நாங்கள் இருவரும் நலம். இங்கே கடலோரம் உறைந்து கிடக்கிறது.

நீங்கள் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. எடுத்தால் "சாப்பிட்டியா" என்பீர்கள், "சாப்பிட்டேன்" என்பேன், அதற்கு மேல் இருவராலும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மகனாக நான் செய்யவேண்டிய முதல் பெரிய காரியம் அது. அதில் இப்படி ஒரு பிழை. கல்தச்சர் லூவிடம் பேசிவிட்டேன். அடுத்த வாரம் சிவப்புப் பெயிண்ட்டோடு வருவார். தயவுசெய்து அவரைச் செய்ய விடுங்கள்.

இன்னொன்று. தெற்குப் பக்க அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். வெயில் நன்றாக வரும். கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள். தனியாக இருக்கும் தாயை ஊரில் விட்டுவிட்டு மகன் வடக்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பெரியப்பா சொல்வதற்கு முன், எனக்கே அது தெரியும்.

ருவோலின் வணக்கம் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிங்யுவான்


யாஷி
ஜனவரி 20

என் குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. நலம். மருந்துப்பட்டை போடுகிறேன், நாற்றம் தாங்காமல் பூனை வீட்டைவிட்டுப் போய்விட்டது.

லூ வந்தார். "என்ன அக்கா, போலாமா மலைக்கு?" என்றார். "முதல்ல சாப்பிடுங்க" என்றேன். நான்கு வாத்துத் தலை தின்றார், கண்ணில் மூக்கில் எல்லாம் நீர். அப்புறம் "பெயிண்ட்டை இங்கேயே வச்சுட்டுப் போங்க, நாள் பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். கோபப்படாதே.

நாள் பார்க்கவில்லை. பார்க்கும் எண்ணமும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெயர் கறுப்பாக இருக்கும்வரை என் கைச்சமையல் முன்னோர் மேசைக்கு ஆகாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நம் சந்திரப் புத்தாண்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்ததே கிடையாது. மீன், கோழி, பன்றிக்கால், வருகிற போகிறவர்களுக்கெல்லாம் தேநீர். இந்த வருடம் வெயிலில் நாற்காலி போட்டுச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கிறேன். செத்தவளிடம் யார் வேலை சொல்வார்கள்?

மலைக்கோயில் தாவோ பூசாரி துவான் உனக்கு நினைவிருக்கிறதா? குடுமி வைத்துக்கொண்டு மின்சார ஸ்கூட்டரில் பறக்கிறவர், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். கடைக்கு வந்து கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அக்கா, பேரெல்லாம் மேல போட்டிருக்கிற துணி. அவுத்துப் போட்டா ஆள் லேசாயிடும்." நான் சொன்னேன், "சரிதான் தம்பி, ஆனா தை மாசக் குளிர்ல அவுத்துப் போட்டா விறைச்சுப் போவேன்." அதற்கும் சிரித்தார். இன்னொரு தலை வாங்கிக்கொண்டு போனார்.

அறை விஷயம் பிறகு பேசலாம். ருவோலின் எப்படி இருக்கிறாள்? போன முறை வந்தபோது முகம் வெளுத்திருந்தாள். புத்தாண்டுக்கு இருவரும் வாருங்கள்.

அம்மா


(வீட்டுக் கதவின் அடியில் தள்ளிவிடப்பட்டது)
பிப்ரவரி 12

தம்பி மனைவி லியன்மெய்க்கு, ஷே குடும்பத்து மூத்தவன் எழுதுவது.

நலம் விசாரிக்கிறேன். நேரில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குடும்ப வழிப்பட்டியலில் நீ உயிரோடு இருக்கிறாய். மலையில் செத்துக் கிடக்கிறாய். எந்த லியன்மெய்யிடம் நான் பேசுவது?

பெயர் சரியாக இல்லாத இடத்தில் ஒன்றும் சரியாக இருக்காது. அப்பன் அப்பனாக, மகன் மகனாக, இருப்பவள் இருப்பவளாக இருக்கவேண்டும். நகரத்துக் கன்பூசியஸ் கோயிலில் ஒவ்வொரு வருடமும் போய் வணங்கிவிட்டு, நம் வீட்டுக் கல்லை இப்படி வைத்திருந்தால் என்ன அர்த்தம்?

புத்தாண்டு அன்று என் இரண்டாவது மருமகள் மீன் சமைத்தாள். முன்னோர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நான் மூன்று குவளை தண்ணீர் குடித்தேன். உப்பு.

அடுத்த படையலுக்கு முன் பெயரைச் சிவப்பாக்கிவிடு.

ஷே தாகுவாங்


பிப்ரவரி 13

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

நலம். உங்கள் இரத்த அழுத்தத்துக்கு உப்பு ஆகாது, ஜாக்கிரதை. எந்த லியன்மெய்யிடம் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கிண்ணம் மீனை அனுப்புகிற லியன்மெய்யிடம் பேசுங்கள். இது படையலுக்கு இல்லை, உங்கள் வாய்க்கு. செத்தவள் சமைத்தது என்றால் பூனைக்குப் போடுங்கள். பூனை இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறதாம்.

தம்பி மனைவி


யாஷி
பிப்ரவரி 25

என் குட்டிக்கு,

நலமா? புத்தாண்டுக்கு நீங்கள் வரவில்லை. கப்பல் கட்டும் தளத்தில் அவசர வேலை என்று ஒரு வரிச் செய்தி வந்தது. சரி. உனக்குப் பிடித்த கருகல் விளிம்பு அரிசிப் பணியாரம் தபாலில் அனுப்பினேன், கிடைத்ததா? எழுதினேன், பதில் இல்லை. போன் செய்தேன், ருவோலின் எடுத்து நீ குளிக்கிறாய் என்றாள். மூன்று முறையும் குளித்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு அழுக்கா?

இங்கே ஒரு குறையும் இல்லை. லூ விட்டுப்போன சிவப்புப் பெயிண்ட் சும்மா கிடக்கிறதே என்று கடை முக்காலிகளுக்கு அடித்துவிட்டேன். பளிச்சென்று இருக்கின்றன. காயுமுன் துவான் உட்கார்ந்துவிட்டார், பின்பக்கமெல்லாம் சிவப்பு. அன்றைக்குப் பிறகு அவர் மந்திரம் சொல்லப் போகிற வீடுகளில் பிள்ளைகள் பின்னாலேயே வருகிறார்களாம்.

அப்பா இல்லாத வீடு இன்னும் பழகவில்லை. காலையில் இரண்டு கிண்ணம் எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். ஆனால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடைக்கு ஆள் வருகிறது. நன்றாகவே இருக்கிறேன், நம்பு.

நீ எழுதாவிட்டால்தான் நன்றாக இருக்க முடியாது.

அம்மா


தாலியன்
மார்ச் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ருவோலின் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பணியாரம் கிடைத்தது. முக்கால்வாசி நான்தான் தின்றேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு நான்கு மாதம். ஆகஸ்டில் பிறக்கும். உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கறுப்பில் பெயர் எழுதப்பட்டவர் ஒரு வருடம் தாண்டமாட்டார் என்று கல்லறையில் யாரோ முணுமுணுத்தார்களாம். இஞ்சினியர்தான், கணக்குப் போட்டுக் கப்பல் கட்டுகிறவர்தான், ஆனால் ராத்திரி தூக்கத்தில் அதையேதான் சொல்கிறார். பேரக்குழந்தை என்று உங்களிடம் சொல்லி, ஆசையைக் காட்டி, ஆகஸ்டுக்குள் ஏதாவது ஆகிவிட்டால் அது தன் கையால் ஆனது என்கிறார். நீங்கள் கல்லைச் சிவப்பாக்க விடாததும் அவரைக் கொல்கிறது. "அம்மா அப்பாவோட போகத் தயாராயிட்டாங்க" என்கிறார்.

அந்தப் பிழை எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கல்தச்சர் போனில் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "அம்மா பேருக்குச் சிவப்பு அடிக்கவா?" என்று அவர் கேட்டார். இவருடைய வேலையில் சிவப்பு என்றால் தப்பு. வரைபடத்தில் எது தவறோ அதைத்தான் சிவப்பில் போடுவார்கள். "எங்க அம்மா பேரைச் சிவப்புல போடுறதா? வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே நிறம் அடிங்க. அவங்க எதையும் தனித்தனியாச் செஞ்சதே இல்ல" என்றார். சொல்லும்போது அழுதுகொண்டிருந்தார்.

பதினைந்து வயதில் விடுதிக்குப் போனவர். ஊர் வழக்கம் அவருக்கு யார் சொன்னார்கள்? நானோ வடக்கத்திக்காரி.

உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம். இருந்தாலும் எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ருவோலின்


யாஷி
மார்ச் 14

என் குட்டிக்கு,

ருவோலின் எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. அவள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன், இரண்டு சட்டி கருகிப்போயிற்று. கருகட்டும். நான்கு மாதம்! வாந்தி இருக்கிறதா? காரம் கேட்கிறாளா, புளிப்பா? பணியாரம் இன்னும் அனுப்புகிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள்.

அந்தக் கறுப்பு எனக்குச் சுகமாக இருந்தது, உண்மைதான். பெரியப்பாவுக்கு நான் தம்பி மனைவி, உனக்கு அம்மா, தெருவுக்கு வாத்துத் தலைக்காரி, போன ஜூன் முதல் விதவை. இந்தக் குளிர்காலத்தில் யாரும் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. வெயிலில் உட்கார்ந்து சும்மா இருந்தேன். சும்மா இருப்பவள் யார் என்று பார்த்தேன். மோசமான ஆள் இல்லை. விதை கொறிக்கிறாள், தனக்குள் பாடுகிறாள். அப்பாவோடு போகத் தயாரானவளும் இல்லை. முக்காலிக்குப் பெயிண்ட் அடிக்கிறவள் எங்கே சாகப்போகிறாள்?

ஆனால் நான் இங்கே லேசாக உட்கார்ந்திருக்க, அந்தப் பாரம் முழுவதையும் நீ அங்கே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அது தெரியவில்லை. என் பெயர் என்னுடையது மட்டும் என்று நினைத்துவிட்டேன். அது உன் தோளிலும் தொங்குகிறது.

துவானிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அவுத்துப் போட்ட துணியைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கலாம் அக்கா. நாமளே எடுத்துப் போட்டா அது கனக்காது" என்றார். பெரியப்பாவிடமும் சொன்னேன். அவர் மீன் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஆரஞ்சு வைத்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்காம்.

சிவப்பு அடிக்கலாம். ஆனால் லூ வேண்டாம். உன் வாயால் கறுப்பானது உன் கையால் சிவப்பாகட்டும். கல்லறை துடைக்கும் நாளுக்கு வா. டப்பாவின் அடியில் கொஞ்சம் பெயிண்ட் மிச்சம் இருக்கிறது, நான்கைந்து எழுத்துக்குப் போதும்.

இன்னொன்று. இரண்டு பேருக்கும் ஒரே நிறம் என்று நீ சொன்னதை நான் இப்போதுதான் கேள்விப்பட்டேன். அப்பாவும் கேட்டிருந்தால் மூக்கைச் சிந்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போயிருப்பார்.

அம்மா


தாலியன்
மார்ச் 22

அம்மா,

நலம். வருகிறேன். ருவோலினும் வருகிறாள், மலைக்கு வரமாட்டாள், வீட்டில் இருப்பாள். புளிப்பு கேட்கிறாள்.

கப்பலின் அடிவயிற்றுக்கு அடிக்கிற சிவப்பைக் கொண்டுவர ஆசை. கடல் உப்பே அதை ஒன்றும் செய்யாது. ரயிலில் ஏற்றவிடமாட்டார்கள். தூரிகை மட்டும் கொண்டுவருகிறேன், வரைபடத்துக்கு வைத்திருக்கும் மெல்லியது.

நேற்று இரவு தூங்கினேன்.

குட்டி


யாஷி
ஏப்ரல் 6

என் வாத்தே,

நலமா? நேற்று உங்கள் இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தோம். மேலே பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், நீங்கள் எப்போதும் பாதியில் தூங்கிவிடுவீர்கள்.

உங்கள் மகன் கல்லின் முன்னால் மண்டியிட்டு, கப்பல் வரைகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். உங்கள் அண்ணன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். "வழியுது பாரு, வழியுது! தொடை!" துவான் ஏலச்சீட்டுக் கூட்டத்துக்கு வந்தவர் மாதிரி குந்தியிருந்தார். "வழியட்டும் பெரியவரே. அக்காவும் எப்பவும் கோட்டுக்குள்ளயா நின்னாங்க?" "நீ பேசாதே! முக்காலியில உட்கார்ந்த பின்பக்கத்தை முதல்ல கழுவு!" மிங்யுவான் சிரித்துவிட்டான். வாய்விட்டு. நீங்கள் போனபிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை.

என் பெயரில் இரண்டு புள்ளி இருக்கிறது அல்லவா? ஒன்றை அடித்துவிட்டு மற்றதுக்குத் தூரிகையைக் கொண்டுபோனான். "அதை விட்டுடு" என்றேன்.

"ஏம்மா? பெயிண்ட் இருக்கே."

"இருக்கட்டும். அது கறுப்பாவே இருக்கட்டும். அப்பா பக்கத்துல ஒரு புள்ளியாவது நான் இருக்கணும்ல."

அவன் என்னையே பார்த்தான். பிறகு பெரியப்பாவைப் பார்த்தான். உங்கள் அண்ணன் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய், வெகுநேரம் அந்தப் புள்ளியைப் பார்த்தார். "எனக்குக் கண் சரியாத் தெரியல. எல்லாம் சிவப்பாத்தான் இருக்கு" என்று நிமிர்ந்துவிட்டார். வழிப்பட்டியலில் ஒரு கமா தவறினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்.

வீட்டுக்கு வந்தால் ருவோலின் சிவப்பு முக்காலியில் உட்கார்ந்து, வாத்துத் தலை தின்று, உதடு வீங்கி, கண்ணீரோடு இன்னொன்று கேட்கிறாள். உங்கள் பேரனோ பேத்தியோ, வாய் நம் பக்கம்தான்.

தெற்கு அறையை மறுபடி பேசினார்கள். "நீ கூப்பிடணும், நான் மாட்டேன்னு சொல்லணும், அப்புறம் வரணும். மூணும் ஆகட்டும்" என்றேன். ஆகஸ்டில் போகிறேன். பிரசவித்தவள் எழுந்து நடமாடும்வரை இருந்து பார்த்துக்கொள்வேன். நானாகப் போகிறேன், யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. குளிர் தொடங்குமுன் திரும்பிவிடுவேன். கடை இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு உப்பில்லாத மீன் வேறு யார் கொடுப்பார்கள்? நீங்களும் இருக்கிறீர்கள்.

இந்தத் தடவை வட்டம் குறைவு, பாருங்கள். ருவோலின் சொல்லிக்கொடுத்தாள். இதைக் கொளுத்த மிங்யுவான் தீப்பெட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறான், அதனால் முடிக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். நான் வர இன்னும் நாள் ஆகும், அவசரமில்லை, ஆனால் ஒரு புள்ளி அளவுக்கு இப்போதே வந்துவிட்டேன் அல்லவா. கொஞ்சம் நகர்ந்து படுத்திருக்கிறீர்களா?

உங்கள் லியன்மெய்